ஈஜோக்கில் ஒரு பத்தியக் கோழி

குவாலா சிலாங்கூர் பக்கம் போகிறவர்கள் மின்மினிப் பூச்சி பார்க்கத்தான் போவார்கள். நான் போனது கோழிகளின் பின்பக்கத்தைப் பார்க்க. பரிசோதனைக்கூட வேலை அப்படி. நோயே இல்லாத பண்ணைக் கோழிகளின் குடலில், ஆண்டிபயாடிக் மருந்துக்கு மசியாத கிருமிகள் இருக்கின்றனவா என்று பார்க்க மாதிரி எடுக்க வேண்டும். போன மாதம் ஒரு சனிக்கிழமையைக்கூட விடாமல் அனுப்பினார்கள்.

கோலாலம்பூரிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினால் பண்ணை இருக்கும் ஈஜோக் ஒரு மணி நேரம், சுமார் ஐம்பது கிலோமீட்டர். வழியில் இரண்டு ரொட்டி சானாய், ஆற்றி நுரைக்க ஒரு தே தாரேக் டீ, செலவு ஆறு வெள்ளி. செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் கைப்பேசி வரைபடம் கைவிரித்துவிட்டது. எதிரே வந்த லோரிக்காரரிடம் வழி கேட்டேன். "நேரா போங்க லா. நாத்தம் வந்தா வந்துட்டீங்கன்னு அர்த்தம்," என்றார். சரியாகத்தான் சொன்னார்.

பண்ணைக்காரர் மாரியப்பன் அண்ணன் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தர, நான் பஞ்சுக்குச்சியை நுழைத்து எடுத்துக் குழாயில் போட்டு மூடினேன். பதினொரு மணிக்குள் இடுப்பு விட்டுப்போனது. கோழிகளோ கொழுகொழுவென்று, என்னைக் கொத்துவதிலேயே குறியாக இருந்தன.

"பாருங்க தங்கச்சி, ஒண்ணுக்காவது சீக்கு இருக்கா?"

"அதுதாண்ணே சிக்கலே. கிருமி கோழிய ஒண்ணும் பண்ணாம உள்ளயே குந்தியிருக்கும். மனுசனுக்கு ஒட்டி நோவு வந்தா, அப்புறம் மருந்து கேக்காது."

அவர் சிரித்துக்கொண்டே வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். அங்கே கம்பத்துக் கோழிகள், நம் நாட்டுக்கோழி மாதிரி, சில திரிந்தன. மகள் கவிதா குழந்தை பெற்று வந்திருக்கிறாள். அவள் பத்தியச் சாப்பாட்டுக்கென்று தனியாக வளர்ப்பவை. வெட்டிச் சுத்தம் செய்வதும் அவரே. "பண்ணைக் கோழிய எம்புள்ளைக்குக் குடுக்க மாட்டேன். இதுங்க மருந்தே படாதது."

சொல்லிக்கொண்டே, கொட்டகையிலிருந்து கொண்டுவந்த வாளித் தண்ணீரை அவற்றின் தொட்டியில் ஊற்றினார்.

"அது என்ன தண்ணி அண்ணே?"

"பண்ணைக் கோழிக்குக் கலக்குற மருந்து, டாங்கில மிஞ்சினது. கீழ ஊத்தினா வீணாப் போயிடும் லா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருந்த அலுப்பில் பேசாமல் வண்டி ஏறிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உள்ளே குழந்தை சிணுங்கியது. சொல்லிவிட்டேன். வாளியில் இருப்பதும் அதே மருந்துதான், அரைகுறையாகக் குடிக்கக் குடிக்கத்தான் கிருமி அதற்குப் பழகிப்போகும் என்றேன். நன்றாக வெந்த கறியால் பயமில்லை. பச்சைக் கறி தொட்ட கையும் கத்தியும் பலகையும்தான் ஆபத்து என்றேன். இந்தக் கோழிகளிடம் கிருமி இருக்கிறதா என்பது சோதனை முடிவு வந்தால்தான் தெரியும் என்பதையும் சொன்னேன். அது அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

"கோழிய வெட்டிட்டு, கையத் தண்ணியில சும்மா அலசிட்டுதான் பேத்தியத் தூக்குவேன்," என்றார் மெதுவாக.

அந்தக் கோழிகளிடமும் மாதிரி எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பக்கம் வேலையாக வருகிறவர்கள் வழியில் ரவாங்கிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். பண்ணைக்குள் போட்ட காலணியைத் தனிப் பையில் கட்டிவிடுங்கள். யாராவது கம்பத்துக் கோழி கொடுத்தால் தாராளமாக வாங்குங்கள். பச்சைக் கறிக்குத் தனிப் பலகை வையுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மிஞ்சிய மருந்தை எந்த உயிருக்கும் ஊற்றாதீர்கள். இதையெல்லாம் அவரிடம் இன்னும் பக்குவமாகச் சொல்லியிருக்கலாம் என்று திரும்பும் வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

அன்று நான் வண்டியைக் கிளப்பும்போது கவிதா வாசலுக்கு வந்து குழந்தையை நீட்டினாள். "அப்பா, கொஞ்சம் புடிங்க, குளிச்சிட்டு வந்துர்றேன்."

அவர் குழாயடியில் மூன்றாவது தடவையாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இரும்மா," என்றார். "இன்னும் கொஞ்சம்."