பன்னிரண்டாம் நம்பர் மலையில் ஒரு வாசல்

வீரம்மாவை யாரும் வந்து கூப்பிடவில்லை, அவளாகத்தான் போனாள். கந்தப்பளைக்கு மேலே தேயிலைத் தோட்டம் கைவிட்ட பன்னிரண்டாம் நம்பர் மலையில், ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கோட்டை ஊர் புதைந்து கிடக்கிறது என்று பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து தோண்டினார்கள். கூடமாட வேலை செய்ய ஆள் வேண்டும், சம்பளம் கிடையாது, பகல் சோறு உண்டு என்று கோயிலில் சொன்னார்கள்.

"சம்பளத்துக்கே இடுப்பு ஒடியுது. சும்மா மண்ணு கிண்டவா போற?" என்றான் புருஷன் சின்னத்தம்பி.

"அந்த மலையில எத்தன வருஷம் கொழுந்து பறிச்சேங்க! என் காலுக்குக் கீழ யாரு இருந்தாங்கன்னு நான் பாக்க வேணாமா?"

அவ்வளவுதான். அவள் ஒன்று நினைத்துவிட்டால் அந்த முருகன் வந்து சொன்னாலும் கேட்கமாட்டாள். தோட்டத்தில் வேலை இல்லாத நாளெல்லாம் அங்கே போய் நின்றாள்.

முதலில் மதில் தெரிந்தது. யம்மாடி, என்ன மதில்! கொழுந்து லொறி மேலே ஏறி ஓடலாம், அவ்வளவு அகலம். அதன் மேல்தான் இத்தனை காலமும் கூடையை இறக்கி வைத்துத் தேத்தண்ணி குடித்திருக்கிறாள்!

அங்கே பொறுப்பு பிரேமினி மிஸ்தான். மெலிந்த பிள்ளை, குரல் மட்டும் ஆள் விரட்டும் கங்காணி குரல். முதல் நாளே வீரம்மா வாங்கிக் கட்டிக்கொண்டாள். தனக்குக் கொடுத்த குழியில் கிடந்த பானை ஓடுகளையெல்லாம் பொறுக்கி ஓரமாகக் குவித்துவிட்டாள். புல் வெட்டும்போது கல்லை ஓரம் போட்டே பழகிய கை, சும்மா இருக்குமா?

"அக்கா! எது எங்க கிடந்துச்சுங்கிறதுதான் எங்களுக்கு வேணும். இன்னொரு தடவ கேக்காம கை வச்சீங்க, வீட்டுக்கு அனுப்பிருவேன்."

பிறகு ஒரு சாயங்காலம், மதிலுக்கு உள்பக்கம் ஒரு வீட்டின் வாசற்படிக் கல் வெளியே வந்தது. நட்டநடுவில் தேய்ந்து, கால் வைக்கும் அளவுக்குக் குழிந்திருந்தது. வீரம்மா குனிந்து பார்த்தாள்.

"எத்தன பேரு ஏறி எறங்கினா கல்லு இப்பிடிக் குழியும், மிஸ்?"

"யாருக்குத் தெரியும்க்கா? தலைமுறை தலைமுறையா நடந்திருப்பாங்க. நாளைக்கு உள்பக்கம் தோண்டுவோம், வாங்க."

மறுநாள் மூடுபனி விலகுமுன் அவள்தான் முதல் ஆள். தார்ப்பாயை மடித்துவிட்டுப் பார்த்தாள். வாசல் காய்ந்து கிடந்தது. லயத்து வீடுகளில் விடிந்தால் வாசல் தெளித்த பிறகுதான் படி தாண்டுவார்கள். இதுவோ எத்தனை காலமாகத் தெளிக்காத வாசல்! சவக்காரம் போட்டுக் கை கழுவுகிற வாளி பக்கத்தில் இருந்தது. கையால் அள்ளி, படிக்கல்லுக்கும் அதை ஒட்டிய உள்தரைக்கும் தெளித்தாள்.

"யாரு தண்ணி தெளிச்சது?" பின்னாலேயே வந்த பிரேமினி கத்தினாள்.

"நாந்தான் மிஸ். வாசல் காஞ்சு கெடந்துச்சு."

"சவக்காரத் தண்ணிய! இங்க எடுக்கிற கரித்துண்ட வச்சுத்தானே காலத்தக் கணிக்கணும்? இது பட்டா கணக்கே கெட்டுப்போகும். சொன்னேன்ல? கெளம்புங்கக்கா."

வீரம்மா திரும்பினாள். போகிறதில் வருத்தமில்லை; உள்ளே பார்க்காமல் போகிறோமே என்றுதான் இருந்தது. செருப்பை மாட்டினாள்.

"நில்லுங்க! எல்லாரும் அப்பிடியே நில்லுங்க!"

பிரேமினி மண்டியிட்டிருந்தாள். ஈரம் ஊறிய தரையில், வட்ட வட்டமாகக் கறுப்பு மண் வரிசை தெரிந்தது. அதற்கப்பால் ஒரு கை அகலத்துக்குச் தீயில் வெந்து மங்கலாகச் சிவந்த மண்.

"மரத்தூண் நின்ன குழி இது. அது... அடுப்பு மாதிரி இருக்கு." எழுந்து முறைத்தாள். "மண்ணோட நெறம் தெரிய நாங்களும் தெளிப்போம்க்கா. நல்ல தண்ணி, பனி மாதிரி, தேவையான எடத்துல மட்டும். போய் சல்லடையப் பிடிங்க. நான் சொல்லாம குழிக்குள்ள எறங்கக் கூடாது."

போகச் சொல்லவில்லையே, அது போதும். பகல் முழுக்க வீரம்மா மண் சலித்தாள். கண் மட்டும் குழியில்தான். சின்னத்தம்பியும் வேடிக்கை பார்க்க வந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நின்றான்.

பொழுது சாய்கையில் மூன்று கல் அடுப்பு முழுசாகத் தெரிந்தது. நடுவில் சாம்பல்.

"வாங்கக்கா," என்றாள் பிரேமினி. "வாசல் தெளிச்சவங்க வந்து பாக்க வேணாமா?"

வீரம்மா செருப்பைக் கழற்றினாள். கல்லின் குழிவை மிதிக்காமல் தாண்டி, வலது காலை உள்ளே வைத்தாள். அடுப்பருகே குந்தி, எதையும் தொடாமல், சூடு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி உள்ளங்கையை மேலே பிடித்தாள்.

"இப்பத்தான் அணைச்சுட்டுப் போன மாதிரி இருக்கு, மிஸ்."

யாரும் சிரிக்கவில்லை.