அங்காளம்மா குத்திய குண்டூசி

சிரித்துக்கொண்டே பேச வருகிறவர்களை அங்காளம்மா நம்ப மாட்டாள். முறைத்துக்கொண்டு வருகிற போலீஸ்காரர்கூடப் பரவாயில்லை. மீன்கூடையைத் தூக்கு என்பார், தூக்கினால் போய்விடுவார். கையில் அளக்கிற டேப்போடு வந்து "அக்கா, சாப்பிட்டீங்களா?" என்று விசாரிக்கிறவர்கள்தான் அவளுக்கு ஆகாது. முன்பு அவள் இருந்த கடலோரக் குப்பத்துக்கும் அப்படித்தான் சிலர் வந்தார்கள். வீடு வீடாக அளந்தார்கள், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு நன்றிகூடச் சொன்னார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் குப்பத்தையே காலி செய்து பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

பெரும்பாக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் கூடையோடு வந்து, தாம்பரத்தில் பெரிய ரோட்டோரம் மீன் விற்கிறாள். பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு வேப்பமரம், அதன் அடியில் கடை. வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் சங்கராவையும் நெத்திலியையும் பார்க்காமல் வீட்டுக்குப் போக முடியாது. புருஷன் பூவராகனுக்கு முட்டி போய், படகை விட்டு வெகுநாளாகிறது. அந்த மரத்தடி போனால் அடுப்பு எரியாது, அவ்வளவுதான்.

அந்த இடத்தில் ரோட்டைக் கடப்பது பெரும்பாடு. லாரியும் பஸ்ஸும் ஒரு நொடி வழிவிடாது. நடைபாலம் வேண்டும், வேண்டும் என்று கேட்டுக் கேட்டு ஊருக்கு வாய் வலித்த பிறகு, ஒரு நாள் பேனர் கட்டினார்கள். பாலத்தின் வடிவத்தை யார் வேண்டுமானாலும் வரைந்து போட்டிக்கு அனுப்பலாமாம். ஊரே ஓட்டுப் போட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாம்.

"நம்மளக் கேட்டுக்கினு எவன்க்கா இதுவரைக்கும் கட்டிக்கீறான்?" என்று பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த ரத்தினபாயிடம் கேட்டாள். "இதுல இன்னாவோ கீது."

"பாலம் வந்தா நல்லதுதானேடி. உனுக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்றாள் ரத்தினபாய்.

இரண்டொரு நாளில் ஜீவிதா வந்தாள். கட்டடக்கலை படித்துவிட்டுப் பல்லாவரத்தில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிற பெண். போட்டிக்கு அவளும் வரைகிறாளாம். பெரிய மேப் ஒன்றை ஸ்டூல்மேல் விரித்து, ஒரு டப்பா நிறையக் குண்டூசி வைத்துக்கொண்டாள்.

"நீங்க உட்கார்ற இடத்துல ஒரு பின் குத்துங்கக்கா. பின் இருக்கிற இடத்துல படிக்கட்டு வராம டிசைன் பண்ணிடுவேன்" என்று சிரித்தாள்.

ரத்தினபாய் யோசிக்காமல் தன் இடத்தில் குத்தினாள். அங்காளம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டேப்போ மேப்போ வந்தால் கூடையோடு இடம் மாறிக்கொள்வது அந்த ரோட்டோரத்தில் எல்லோருக்கும் பழக்கம்; அவளும் மேப்பைக் கண்டதுமே கூடையை மரத்தடியிலிருந்து நகர்த்தியிருந்தாள். ஆள் இல்லாத இடத்தை யார் காலி செய்ய முடியும்? இந்தப் பூக்காரி என்னடாவென்றால் தன் கழுத்தைத் தானே நீட்டுகிறாள்! அங்காளம்மா குண்டூசியை வாங்கி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், எப்போதும் ஷட்டர் மூடியே கிடக்கிற கடை வாசலில் குத்தினாள்.

"சூப்பர்க்கா. நாளைக்கு வந்து நீங்க வியாபாரம் பண்றதைப் பார்த்து ஸ்கெட்ச் பண்ணிக்கறேன்."

வினையை விலைக்கு வாங்கியாயிற்று. மறுநாள் எதிர்ப்பக்கம் போய் வெயிலில் உட்கார்ந்தாள். ஈயும் காக்காயும் வந்தன, மீன் வாங்க ஒருவரும் வரவில்லை. ஜீவிதா மட்டும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள்.

"இங்க நிழலே இல்லையேக்கா. தண்ணி எங்க பிடிப்பீங்க? மீன் கழுவுற தண்ணி எங்க போகும்?"

ஒவ்வொரு கேள்வியிலும் ஒரு தூண்டில் முள் இருப்பதாகவே அங்காளம்மாவுக்குப் பட்டது. "நிழல் இல்லம்மா, தண்ணி இல்லம்மா, இன்னா பண்றது" என்று மட்டும் பட்டும் படாமல் பதில் சொன்னாள். அந்தப் பெண்ணின் ஸ்கூட்டர் மறைந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு வந்து, "எப்பிடி என் வேலை?" என்று ரத்தினபாயிடம் பீற்றிக்கொண்டாள்.

மழை வந்து போனது. ஓட்டு முடிந்து, ஜெயித்த பாலத்தின் மாதிரியைக் கல்யாண மண்டபம் ஒன்றில் வைத்திருக்கிறார்கள் என்றார்கள். ஜெயித்தது ஜீவிதாவாம். என்ன தில்லுமுல்லு என்று பார்த்துவிடுவோம் என அங்காளம்மாவும் ரத்தினபாயோடு போனாள்.

அட்டையில் செய்த பாலம் மேஜைமேல் அழகாக நின்றது. ரத்தினபாயின் பூக்கடைக்கு அருகே வந்த படிக்கட்டு, அதைத் தொடாமல் வளைந்து விலகி, வேப்பமரத்தடியில் போய் இறங்கியது. அங்காளம்மாவின் இடத்தில் படிகள் இருந்தன. எதிர்ப்பக்கம், ஷட்டர் போட்ட கடைமுன், ஒரு சின்ன மேடை. மேலே கூரை, ஓரத்தில் தண்ணீர்க் குழாய், கழிவுநீர் போக வாய்க்கால். மேடையில் கூடையோடு விரல் உயரப் பொம்மை ஒன்று, அவள் கட்டுகிற மாதிரியே பின்கொசுவம் வைத்த புடவையில்.

"இது நீங்கதான்க்கா!" ஜீவிதா ஓடி வந்தாள். "எல்லாரும் இதைப் பார்த்துதான் ஓட்டுப் போட்டாங்க. பிடிச்சிருக்கா?"

எங்கே ஏமாற்றியிருக்கிறார்கள் என்று அங்காளம்மா மாதிரியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எங்கேயும் இல்லை. சொன்னபடியே செய்திருந்தாள் அந்தப் பெண். அங்காளம்மா பொம்மையைப் பிய்த்தெடுத்துப் படிக்கட்டின் கடைசிப் படியில் வைத்தாள்.

"நான் குந்துற எடம் இது கண்ணு. இத்தினி வருசமா இங்கதான் கீறேன். அந்தாண்ட ஒரு ஈ காக்கா மீன் வாங்க வராது."

ஜீவிதாவின் சிரிப்பு நின்றது. "டிராயிங் எல்லாம் அனுப்பியாச்சே அக்கா... அப்ப அன்னைக்கு ஏன் அங்க போய் உட்கார்ந்தீங்க?"

"உனுக்குப் பயந்துகினுதாம்மா."

ஜீவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். படிமேல் பொம்மை நிற்காமல் சாய்ந்து விழுந்தது. அங்காளம்மா அதை எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.