நட்சத்திரத்துக்கு விழுந்த உதை

நாணயச்சாலையில் அவளுக்கு ‘நட்சத்திரக்காரி’ என்று பெயர். காசு எந்த நாணயச்சாலையில் அடித்தது என்பதற்கு அடையாளமாக, கடுகைவிடச் சிறிய நட்சத்திரம் ஒன்றை எஃகு அச்சில், நட்சத்திர முனையுள்ள உளியை வைத்து அடித்துப் பதிப்பது அவள் வேலை. ஓர் அச்சிலிருந்து மூன்று லட்சம் காசு வரும். பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் கை பிசகியதில்லை.

ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது ஒரு நாள், முதல் அடி அடித்துவிட்டு இரண்டாவது அடிக்குச் சுத்தியலை ஓங்கினாள். வயிற்றுக்குள் குழந்தை முதன்முதலாக உதைத்தது. உளி மயிரிழை நகர, சுத்தியல் இறங்கிவிட்டது. உடனே லென்ஸில் பார்த்தாள். சந்தோஷத்தில் கண்ணெல்லாம் தண்ணீர், பிசகு தெரியவில்லை. சோதிப்பவர் கண்ணுக்கும் அது தப்பிவிட்டது.

மகளுக்கு எட்டு மாதமானபோது மருந்துக்கடையில் மீதிச் சில்லறை வாங்கினாள். பழக்கதோஷத்தில் காசைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நட்சத்திரத்தை ஒட்டி, நிழல்போல இன்னொரு நட்சத்திரம்.

“என்னம்மா, செல்லாத காசா?” என்றார் கடைக்காரர்.

“இல்லண்ணே, நல்ல காசுதான். இது... என் பொண்ணு உதைச்சது.”

அவர் திருதிருவென்று விழித்தார். அவள் மகளைப் பார்த்தாள். பிறக்கும் முன்பே இவள் விட்ட உதை, மூன்று லட்சம் காசாகி, யார் யார் சட்டைப்பையிலோ ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது! இடுப்பில் இருந்தவளின் உள்ளங்கையில் காசை வைத்துக் காட்டினாள். மகாராணி அதை நேரே வாய்க்குக் கொண்டுபோனாள்.