இரண்டு தடவை இழுத்துப் பார்த்தவர்

லூயிஸ் எதையும் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். முதலில் கீழ்நோக்கி, அப்புறம் பக்கவாட்டில். கேஸ் சிலிண்டர் சீல், தண்ணீர் கேன் மூடி, கல்யாண வீட்டில் கொடுத்தனுப்பிய ஸ்வீட் டப்பா என்று எதுவும் அவர் விரலுக்குத் தப்பாது. மகள் சாண்ட்ராவின் பத்தாவது பிறந்தநாளுக்கு வந்த கேக் டப்பாவை அப்படி இழுத்ததில், கேக்கின் மேல் எழுதியிருந்த அவள் பெயரில் பாதி மூடியோடு போய்விட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். லூயிஸ் மட்டும் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் கீது, வெட்டு" என்றார்.

ஹார்பர் கேட்டில் முப்பத்தொரு வருஷம் நின்றவர். சரக்கு கிளியர் பண்ணும் ஒரு கம்பெனியில் வேலை. கன்டெய்னர் வந்து நின்றதும் அதன் நம்பரையும், கதவில் தொங்கும் இரும்பு சீலின் நம்பரையும் எழுத வேண்டும். பிறகு சீலை இழுத்துப் பார்த்து 'சரி' என்று கையெழுத்துப் போட வேண்டும். திறந்துவிட்டுப் பசை வைத்து ஒட்டிய சீல் கீழே இழுத்தால் அசையாது. பக்கவாட்டில் இழுத்தால்தான் திரும்பும். அதனால் இரண்டு தடவை.

ஒரே ஒரு நாள், கொட்டுகிற மழையில், இழுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். உள்ளே நாற்பத்திரண்டு அட்டைப்பெட்டிகள் இல்லை. சாண்ட்ரா அப்போது இரண்டாம் வகுப்பு. ராயபுரத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக்குக் கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். துணிகளை உதறினார்கள். மாதா படத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தார்கள். அரிசி டப்பாவைத் தரையில் கவிழ்த்தார்கள். அம்மா ஃப்ளோரன்ஸ் அந்த அரிசியை அன்று மாலைவரை பொறுக்கிக்கொண்டிருந்தாள். லூயிஸை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நாலு மாதம் கழித்து, எடுத்தவன் வேறு ஆள் என்று தெரிந்தது. "திங்கக்கிழமையிலேர்ந்து வேலைக்கு வா" என்று ஆள் அனுப்பினார்கள். தப்பாகச் சந்தேகப்பட்டோம் என்று ஒரு சொல் சொல்லவில்லை.

அப்பாவின் சந்தேகம் அந்த அரிசியிலிருந்துதான் முளைத்தது என்று சாண்ட்ரா கல்லூரி நாட்களில் தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். சொன்னபோது, தான் அதிலிருந்தெல்லாம் வெளியே வந்துவிட்டவள் என்ற தொனி குரலில் இருந்தது. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். வாங்கிப் பதினாலு மாதம் ஆகியும் வேலை கிடைக்காத முதல் ஆளும் அவளே.

ஒருவழியாகக் கிடைக்கப்போன வேலையும் கம்ப்யூட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. கப்பல் சரக்குக் காகிதங்களைச் சரிபார்க்கிற கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆன்லைன் தேர்வு, இரண்டு மணி நேரம். எட்டு ஜிபி மெமரியும் கேமராவும் உள்ள சொந்த கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். மெஷின் ஒத்துழைக்கவில்லை என்றால் இன்னொரு தேதி கிடையாது.

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கருகிய வாசனை வந்தது.

"இன்னா பார்த்துகினு கீற? பிளக்கைப் புடுங்கு மொதல்ல!" என்று கத்தினார் லூயிஸ்.

அது பத்து வருஷத்துப் பழசு. முட்டிவலியில் கோயிலுக்குப் போக முடியாத நாட்களில் ஃப்ளோரன்ஸ் அதில்தான் பூசை பார்ப்பாள். ரிடையர் ஆன லூயிஸ், எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டும் வரைபடத்தை அதில் திறந்து வைத்துக்கொண்டு, "இவன் இன்னும் உள்ள வரல பாரு, ரெண்டு நாளா வெளியவே நின்னுகினு கீறான்" என்பார். பென்ஷன் சான்று, கரண்ட் பில், சாண்ட்ராவின் நூற்றிச் சொச்சம் வேலை விண்ணப்பங்கள் எல்லாம் அதில்தான். வீட்டில் சேர்த்து வைத்திருந்த பணம் பதினாறாயிரம்.

வெள்ளிக்கிழமை ஷோரூமில் புதுசு முப்பத்தெட்டாயிரம் சொன்னார்கள். தவணை உண்டு, வட்டியே கிடையாது என்றார் விற்பனைக்காரர்.

"வட்டி இல்லாம ஒருத்தன் கடன் குடுக்கிறான்னா, பொட்டிக்குள்ள இன்னாவோ கம்மி பண்ணிட்டான்னு அர்த்தம்" என்று வெளியே வந்தார் லூயிஸ். போனில் வந்த ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபாய் விளம்பரத்தைச் சாண்ட்ரா காட்டியதும் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "இந்த போட்டோல கீற டேபிள் நம்மூரு டேபிளாட்டமா கீது?"

கடைசியில் பொன்ராஜ் கடை. திசையன்விளைக்காரர். குடும்ப மளிகைக்கடையின் பாதியைத் தடுத்து, ஆபீஸ்கள் கழித்துவிடும் கம்ப்யூட்டர்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறார். கருப்பட்டி மூட்டைக்கு மேலே மானிட்டர்கள் வரிசையாக நிற்கும்.

சாண்ட்ரா கேள்விகளைப் பேப்பரில் எழுதி எடுத்துப் போயிருந்தாள். எந்த வருஷத்து பிராசசர்? ஹார்ட் டிஸ்க் புது வகையா, பழையதா? இப்போதைய விண்டோஸ் ஏறுமா? பொன்ராஜ் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லச் சொல்ல, அவளுக்கு ஏனோ சந்தேகம் கூடியது. இவ்வளவு பொறுமை எதற்கு?

"கரண்டு போனா எவ்வளவு நேரம் தாங்கணும்மா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"ரெண்டு மணி நேரமாவது தாங்கணும். எங்க தெருல சொல்லாம கொள்ளாம போவும்."

"அப்ப லேப்டாப்தான் சரி. இத பாருங்க, மூணு வருஷம் ஓடுனது. மெமரி நாலுதான் இருக்கு. இன்னொரு நாலு போட்டு நாளைக்கி சாயங்காலம் தாரேன். பதினஞ்சாயிரம், எல்லாம் சேர்த்து."

லூயிஸ் லேப்டாப்பைக் கவிழ்த்தார். அடியில் ஒரு திருகாணியின் மேல் வட்டமான வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் இரண்டு தடவை நெம்பினார். அசையவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, மெஷினின் நம்பரை எழுதிக்கொண்டு ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே பேச்சு. "வெல ஏறலயே, ஏன் ஏறல? சும்மா ஒருத்தன் இன்னாத்துக்கு உள்ள ஒரு பொருளப் போடுவான்?"

சனிக்கிழமை மாலை ஸ்டிக்கர் இரண்டாகக் கிழிந்திருந்தது.

அப்பாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் சாண்ட்ராவுக்குத் தெரிந்துவிட்டது. தரையில் கொட்டிய அரிசிக்கு நடுவே நின்றபோது இருந்த முகம்.

"இத யாரு தொறந்தது?"

"நாந்தான் சார். மெமரி போடணும்லா."

"யாரு முன்னாடி தொறந்த?"

பொன்ராஜுக்குப் புரியவில்லை. "யாரு முன்னாடின்னா? கடையில நான் மட்டுந்தான் இருந்தேன்."

"சரக்குக்குச் சொந்தக்கார பார்ட்டி இல்லாம சீலை ஒடைச்சா ஹார்பர்ல அதுக்கு இன்னா பேரு தெரியுமா? தொறக்கணும்னா பார்ட்டியக் கூப்ட்டு, அவன் முன்னாடி ஒடைச்சு, புது நம்பர் எழுதணும். உள்ளேர்ந்து இன்னா எடுத்த?"

"எடுக்கலியே சார், போட்டுல்லா இருக்கேன். என்ன இப்பிடிச் சொல்லுதீங்க?"

"திருடன் எவன் எடுத்தேன்னு சொல்லுவான்?"

மளிகைப் பக்கம் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லாரும் தெரிந்த முகம், பாதிப்பேர் கோயிலில் பார்க்கிற முகம். எதிர்வீட்டில் இட்லி மாவு விற்கும் அஜீசா பருப்புக்குக் காத்திருந்தாள். "அண்ணாச்சி, என் பருப்பையாவது சீலோட குடு நைனா!" என்றாள். சிரிப்பு எழுந்தது. பொன்ராஜ் சிரிக்கவில்லை. கல்லாவைத் திறந்து ஆயிரம் ரூபாயை எடுத்துப் பலகைமேல் வைத்தார்.

லேப்டாப் அங்கேயே ஓடிக்கொண்டிருந்தது. மூன்று விசை தட்டினால் போதும், மெமரி எவ்வளவு என்று திரையே சொல்லியிருக்கும். சாண்ட்ராவுக்கு அது தெரியும். அவள் தட்டவில்லை. இத்தனை பேர் முன்னால் அப்பாவைப் பொய்யாக்கக்கூடாது என்றுதான் சும்மா இருந்தேன் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. கிழிந்த ஸ்டிக்கரைப் பார்த்த கணத்தில், நல்ல பேட்டரியை எடுத்துவிட்டுச் செத்ததை வைத்திருப்பாரோ என்று அவளுக்கே தோன்றியது. அது மீதிப் பாதி.

அன்று ராத்திரியே ஹார்பர் நண்பர் பீம்ராவ் உதவிக்கு வந்தார். பாரிமுனைப் பக்கம் அவருக்குத் தெரிந்த கடை. "பொட்டியே தொறக்காத சரக்கு மாமு. பிளாஸ்டிக் உறை, அதுக்கு மேல சீலு. பதினஞ்சுதான்." லூயிஸ் அந்தப் பெட்டியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். சீல் கல் மாதிரி இருந்தது. அவர் முகம் தெளிந்தது, பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பெட்டியைத் திறந்தார்கள். லேப்டாப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தது. பெட்டியின் மேல் மெமரி எட்டு என்று போட்டிருந்தது. திரையில் நாலு. சாண்ட்ரா அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். நாலு.

"அது எப்டி? சீலு சரியா இருந்திச்சே" என்றார் லூயிஸ்.

"சீலு போட்டதே மூடுனவன்தான் டாடி. உள்ள இன்னா வச்சு மூடுனான்னு அதுக்கு எப்டித் தெரியும்?"

அவர் பீம்ராவுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. கடைக்கு ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை பத்து மணிக்கு முன் திறக்கப்போவதும் இல்லை. ஃப்ளோரன்ஸ் மகளைப் பார்த்து, "எந்திரிச்சுப் போ. கால்ல விழறதுன்னா விழுந்துட்டு வா" என்றாள். லூயிஸுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள்.

பொன்ராஜ் கடையில் பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. சாண்ட்ரா கையிலிருந்த லேப்டாப்பை அவர் வாங்கிப் பார்த்தார். "இதுல மெமரிய போர்டோட சேர்த்து ஒட்டியிருக்கான்மா. கூடப் போட வழியில்ல." பிறகு உள்ளே போய் அந்தப் பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்களே தட்டிப் பாருங்க. பார்ட்டி முன்னாடி."

தட்டினாள். எட்டு.

"பேட்டரியும் மாத்தியிருக்கேன். இருந்தது நாப்பது நிமிஷம்தான் நின்னுது. உங்க தெருல கரண்டு போவும்னு சொன்னீங்கல்லா."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "கையில பணம் இல்ல அண்ணாச்சி."

"பரீட்சைய எழுதுங்க முதல்ல. பணம் வரும்போது வரட்டும்." ஷட்டர் கம்பியைக் கையில் பிடித்தபடி கொஞ்சம் நின்றார். "ஒண்ணு மட்டும் கேக்கேன். அப்பா அந்த வார்த்தைய எட்டுப்பேர் முன்னாடி சொன்னாங்க. நான் இங்க யாவாரம் பண்ணணும். ஒரு நா வந்து, கடையில ஆள் நிக்கும்போது, தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு சொல் சொல்லிரச் சொல்லுங்க. அது போதும்."

தேர்வின் நடுவில் பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது. லேப்டாப் தாங்கியது. வேலை கிடைத்தது. தேர்வு நடந்த அதே நேரத்தில் பாரிமுனையில் லூயிஸும் பீம்ராவும் பெட்டியோடு நின்றிருந்தார்கள். கடைக்காரன், "சீலை ஒடைச்சிட்டீங்களே பெரியவரே, இனிமே எப்டி எடுத்துக்குவேன்?" என்று கையை விரித்தான். அந்த லேப்டாப் ஃப்ளோரன்ஸுக்குப் பூசை பார்க்க ஆயிற்று. பொன்ராஜின் பணத்தை மூன்று சம்பளத்தில் சாண்ட்ரா கொடுத்து முடித்தாள்.

சொல்தான் மிச்சம்.

"சொல்றேன். சொல்லாம எங்க போவப் போறேன்?" என்பார் லூயிஸ். தவக்காலம் வரட்டும் என்றார். ஈஸ்டர் போகட்டும் என்றார். கோயிலுக்குப் போகும்போது அந்தக் கடை வருவதற்கு முன்பே ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடப்பார். புளியும் பருப்பும் வேறு கடையிலிருந்து வர ஆரம்பித்தன. ஒருநாள் ஃப்ளோரன்ஸ் பொறுக்காமல், "உங்க கம்பெனிக்காரன் மாதிரியே ஆயிட்டீங்க" என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்து போனார்.

போன பிப்ரவரியில், கப்பல் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே லூயிஸ் இறந்துபோனார். காசிமேட்டுக் கல்லறையில் பொன்ராஜும் வந்து கடைசியில் நின்றார். எல்லாரும் கலைந்தபின் சாண்ட்ராவிடம் வந்தார்.

"அப்பா காலையில நடக்கப் போவாங்கல்லா, என் கடை முன்னாடி நின்னு பூட்ட இழுத்துப் பார்த்துட்டுத்தான் போவாங்க. ரெண்டு தடவ. கேமராவுல இருக்கு. முதல்ல பார்த்தப்ப, பூட்ட ஒடைக்க வந்திருக்காரோன்னு நானே சந்தேகப்பட்டேன். மூணு நா படுத்தா ஒறக்கமில்ல. பொறவுதான் புரிஞ்சுது. ஒரு வருஷம், ஒரு நா விடல."

அது அந்தச் சொல்லுக்கு ஈடாகுமா என்று சாண்ட்ரா யோசித்தபடியே இருந்தாள். விடிகாலையில் ஆளில்லாத தெருவில் இழுத்த பூட்டு. பொன்ராஜ் கேட்டதோ ஆள் நிற்கும்போது. அப்பாவுக்கும் ஒரு சொல் வர வேண்டியிருந்தது, யாரும் கொடுக்கவில்லை. அதனால் இவருக்குக் கொடுக்க வேண்டியது இல்லாமல் போய்விடுமா? அந்தச் சனிக்கிழமை மூன்று விசையைத் தட்டாமல் நின்றவள் எந்த முகத்தோடு அப்பாவைக் குறை சொல்வது?

போன வாரம் ஒரு சாயங்காலம் கடைக்குப் போனாள். வேண்டுமென்றே கூட்ட நேரமாகப் பார்த்துப் போனாள். அஜீசாகூட இருந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியத்தை வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தாள்.

"என்னம்மா வேணும்?" என்றார் பொன்ராஜ். தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைத்து முடித்தும் நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாரும் அவள் வாயைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"அரைக் கிலோ புளி."

நிறுத்து, பொட்டலம் கட்டி, நூலைச் சுற்றிக் கொடுத்தார்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல அண்ணாச்சி" என்றாள்.