மாக்கிரட் குறைத்த இரண்டு வயது

மாக்கிரட் பயந்த சுபாவம் என்று கனடாவின் மொன்றியல் நகரத்துக் கார்ட்டியர்வில்லில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் பஸ் தரிப்பிடத்திலிருந்து திரும்பி வருவாள். கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைப்பது அவள் வேலை. மீன் சமைக்கும் நாளில் முள்ளை மூன்று தரம் தேடுவாள். அரசாங்கக் கடிதம் வந்தால் அன்றைக்குப் பிரிக்கவே மாட்டாள். இத்தனைக்கும் வேர் எங்கே என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு, கணவர் சவிரிமுத்து இல்லாமற்போன பிறகு, நாலு வயது மகனோடு மன்னாரைவிட்டுக் கிளம்பினாள். கொழும்பில் ஏஜென்சிக்காரன் நீட்டிய பாஸ்போர்ட்டில் இருந்தது இரண்டு வயதுப் பிள்ளை.

"குறைச்சே சொல்லுங்கோ அக்கா, பெடியன்ரை வயசை ஆரும் கேக்கமாட்டினம்" என்றான் அவன்.

மொன்றியலில் இறங்கியதும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அங்கே ஒன்று இங்கே ஒன்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, எண்பத்தாறில் பிறந்தவனை எண்பத்தெட்டில் பிறந்தவன் என்றே சொன்னாள். அப்படியே நின்றுவிட்டது.

மகன் றொபின்சன் வகுப்பில் எல்லாரையும்விட ஒரு முழம் உயர்ந்து நின்றான். "என்ன சாப்பாடு குடுக்கிறீர்?" என்று கோவிலில் கேட்பார்கள். "மீன்தான்" என்று சிரித்துவைப்பாள். பள்ளிக்கூடத்தில் ரக்பி விளையாடப் பழகினான். பந்தோடு அவன் ஓடினால் மற்றப் பிள்ளைகள் தெறித்து விழுவார்கள். கோப்பைகள் வீட்டில் வரிசை கட்டின. அவற்றைத் துடைக்கும்போது அவளுக்குக் கை கூசும். ஈஸ்டருக்கு ஈஸ்டர் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாம் சொல்வாள். இதை மட்டும் விழுங்கிவிடுவாள்.

இரண்டாயிரத்து ஏழு மே மாதம், தென் பிரான்சிலிருந்து ஒப்பந்தம் வந்தது. பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் கழகம் ஒன்று, இருபது வயதுக்கு உட்பட்ட தன் அணிக்கு அவனைச் சம்பளத்தோடு கேட்டிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அவன் அதை மேசையில் பரப்பினான்.

"இருங்கோ அம்மா, தமிழிலை சொல்லுறன். குடிச்சிட்டுச் சண்டை பிடிச்சா நிப்பாட்டுவினம். ஊக்கமருந்து ஊசி போட்டா நிப்பாட்டுவினம். பந்தயம் கட்டினாலும் நிப்பாட்டுவினம்."

"கொன்வென்ற் மாதிரியெல்லோ இருக்கு."

"கொன்வென்ற்றிலை சம்பளம் இல்லை அம்மா. இதைக் கேளுங்கோ: நான் தந்த பேர், பிறந்த திகதி, பழைய காயம், எல்லாம் உண்மை. பொய்யெண்டால்..."

"பொய்யெண்டால்?"

"ஒப்பந்தம் செல்லாது. வேறை கழகமும் எடுக்காது. எனக்கென்ன, எல்லாம் உண்மைதானே." பேனாவைத் திறந்தான்.

பதினேழு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை, இனியும் கேட்கமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் இதுவரைக்கும் அது அவளுடைய பொய். அந்தப் பேனா ஓடி முடிந்தால் அவனுடையதாகிவிடும்.

"தம்பி, பேனையை வை."

மடு மாதா படத்துக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே அவனுடைய ஞானஸ்நானப் பத்திரம்.

"எண்பத்தாறோ? பிழையா எழுதியிருக்கினம்."

"பிழை இல்லை ராசா. பிழை நான்தான்."

அழுதழுது எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்கு இவ்வளவு பயம் வந்திராது. கோப்பைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"லவால் அணிப் பெடியன் ஒருத்தன், நான் மோதிக் காறை எலும்பு முறிஞ்சு விழுந்தானே. அவனுக்குப் பதின்மூண்டு. எனக்குப் பதினைஞ்சு, அம்மா."

அவள் பத்திரத்தை எடுத்து உறைக்குள் திணித்தாள்.

"அவனுக்கெண்டு கோவில்லை மெழுகுதிரி கொளுத்தினீங்கள். இதாலையோ?"

"ஓம்."

பிறகு அவளே மெல்லச் சொன்னாள்: "உனக்குத் தெரியாதெண்டே இருக்கட்டும். இந்தப் பத்திரத்தைக் கிழிச்சுப்போடுறன்."

"இப்ப எனக்குத் தெரியுமே."

படிவத்தில் அச்சடித்திருந்த எண்பத்தெட்டை வெட்டி எண்பத்தாறு என்று எழுதினான். கையெழுத்து வைத்தான். பெக்ஸ் அனுப்பத் தெருமுனையில் ஆனந்தராசா வைத்திருந்த டெப்பனர் கடைக்குப் போனான்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. இருபத்தொரு வயதுக்காரனுக்கு அந்த அணியில் இடமில்லை. ஓகஸ்டில் பெரியவர்கள் அணிக்குத் தேர்வு நடக்கும். முதலில் பத்திரங்களைத் திருத்திக்கொண்டு வரட்டும். உறுதி எதுவும் சொல்வதற்கில்லை.

"திருத்தப் போனா என்ரை குடியுரிமையைப் பறிப்பினமோ? உன்ரையையும்?"

"தெரியாது அம்மா. கேட்டாத்தானே தெரியும்."

வியாழக்கிழமை இருவரும் சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் போனார்கள். முன்மேசைப் பெண் படிவத்தை இழுத்துவைத்துப் பிரெஞ்சில் கேட்டாள்: மகனின் பிறந்த திகதி?

மாக்கிரட் மகனைப் பார்த்தாள். அவன் வேறெங்கும் பார்க்காமல், அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் நாளைச் சொன்னாள், மாதத்தைச் சொன்னாள். பிறகு, பதினேழு வருடத்தில் முதல் தடவையாக, ஆண்டையும் சொன்னாள்.