தவநாயகியின் படம் போட்ட துண்டுப்பிரசுரம்

தெற்கு லண்டனின் தோர்ண்டன் ஹீத்தில் தவநாயகியின் கடைக்கு ஒரு பெயர்ப்பலகை உண்டு. ஆனால் 'நாயகி அக்காவின் கடை' என்றால்தான் சனத்துக்குத் தெரியும். எண்பத்து நாலில் புருஷனோடு லண்டனுக்கு வந்து, எண்பத்தெட்டில் அவரை மாரடைப்புக்குப் பறிகொடுத்து, பாலும் பேப்பரும் மரவள்ளிக்கிழங்கும் கறித்தூளுமாகத் தனியாளாய்க் கடையை இழுத்துப் பிடித்த மனுஷி. வாய் கொஞ்சம் பெரிது. அந்த வாய் இல்லாவிட்டால் கடை எப்போதோ போயிருக்கும்.

அவளுக்குச் சோறு போட்டது ஞாயிற்றுக்கிழமை. பெரிய கடைகள் பூட்டிக் கிடக்கும் அந்த ஒரு நாளில்தான் ஊரே அவளிடம் வரும். தொண்ணூற்றொன்று டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால், சூப்பர்மார்க்கெட்டுகள் சட்டத்தையும் பாராமல் ஞாயிறும் திறக்கத் தொடங்கின. ஓடிப்போய்ச் சிறுகடைக்காரர் சங்கத்தில் சேர்ந்தாள். அடுத்த மாதமே அதன் அரசியல் குழுவிலும் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் குழுவின் வேலை சுலபம். தேர்தலில் நிற்பவர்களுக்கெல்லாம் கேள்விகள் அனுப்புவார்கள். யார் சின்னக் கடைகளின் பக்கம் நிற்கிறாரோ அவருக்குச் சங்கத்து நிதியும் ஆள்பலமும் போகும். வென்றால் அவர் பாராளுமன்றத்தில் கடைக்காரருக்காகப் பேசவேண்டும். இதில் என்ன பிழை?

கேள்விகள் எழுதிய கூட்டத்தில், மருந்துக்கடை ரங்கராஜன், மதுரைக்காரர், அகதிகள் பற்றியும் ஒன்று கேட்டுவிடலாமே என்றார். தவநாயகிக்குப் பகீரென்றது. அவளுடைய தம்பி யோகலிங்கம் கடைக்கு மேல்மாடியில்தான் இருந்தான். வயது முப்பத்தெட்டு. மனைவியும் பிள்ளைகளும் போர் நடக்கும் ஊரில், சாவகச்சேரியில். அகதியாக ஏற்கச் சொல்லிப் போட்ட அசைலம் கேஸ் மூன்று வருடமாகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில். வெள்ளைக்காரருக்கு முன்னால் அகதி என்று வாய் திறந்தாலே கேஸ் கெட்டுவிடும் என்பது அந்த நாளில் எங்கள் சனத்தின் நம்பிக்கை. கண்ணில் படாமல் இருந்தால் காரியம் நடக்கும் என்று நினைத்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

"அது எங்கட வீட்டுப் பிரச்சினை, சேர். கடைக் கூட்டத்துக்குள்ள அதை இழுக்க வேண்டாம்," என்று தமிழில் சொல்லி அவரை அடக்கிவிட்டாள். கேள்விகள் ஞாயிற்றுக்கிழமையோடு நின்றன.

ஒரு வேட்பாளர் அத்தனை கேள்விக்கும் சங்கம் விரும்பிய பதிலையே எழுதியிருந்தார். அவருக்கு ஆதரவென்று உயர்ந்த முதல் கை தவநாயகியுடையது. மனுஷன் கடைக்கே வந்து இரண்டு மட்டன் ரோல்ஸ் சாப்பிட்டு, அவளுக்குப் பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை அவருடைய துண்டுப்பிரசுரங்கள் பெட்டி பெட்டியாகக் கடைக்கு வந்து இறங்கின. கடை முட்டச் சனம். முன்பக்கத்தில் தன் படத்தைப் பார்த்து வெட்கப்பட்டாள், திருப்பிப் பார்க்க நேரமில்லை. அக்காவின் படத்தைக் கண்ட யோகலிங்கத்துக்கோ தலைகால் புரியவில்லை. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு மழையென்றும் பாராமல் தெருத்தெருவாகக் கிளம்பிவிட்டான்.

பின்னேரம் சனம் குறைந்தபிறகுதான் அவள் மறுபக்கத்தைப் படித்தாள். சின்னக் கடைகளைக் காப்பேன் என்று முதல் வரி. பொய் அகதிகளுக்குக் கதவை மூடுவேன் என்று இரண்டாவது. உள்ளே வந்தவர்களைத் திருப்பி அனுப்புவேன் என்று மூன்றாவது. ஆங்கிலம் தனக்குத்தான் பிழையாக விளங்குகிறதோ என்று மூன்றுதரம் படித்தாள். ஒரு சொல்லும் மாறவில்லை.

சங்கச் செயலாளருக்குப் போன் அடித்தாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். நாங்கள் கேட்டதற்கெல்லாம் வேட்பாளர் நேர்மையாகப் பதில் சொன்னார், கேட்காததற்குச் சங்கம் என்ன செய்யும் என்றார். அவள் போனை வைத்தாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவள் யாரை நோவது?

அந்த நேரம் பார்த்து யோகலிங்கம் நனைந்து சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, எண்ணூறு வீடு. எங்கட சனத்தின்ர வீடு ஒண்டையும் நான் விடேல்ல. ஆனா பின்பக்கத்தில என்ன எழுதிக் கிடக்கெண்டுதான் எனக்கு விளங்கேல்ல."

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு ஏலவில்லை.

"உன்னைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிக் கிடக்கு, தம்பி."

அவன் கையிலிருந்த கடைசிப் பிரதியை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்த்தான்.

"உங்கட படத்தைப் போட்டுத்தானோ, அக்கா?" என்று கேட்டான்.