பிளக் இல்லாத தொலைபேசி

மேசைக்கு அடியில் குப்புறக் கிடந்தபடி, கேபிள் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவார் சுகுமாறன். "போனுக்கு ஒரே வயருலா. பேச்சும் இதுல, கரண்டும் இதுல." கேட்பவருக்குப் புரிந்ததா என்று அவர் பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது, அங்கிருந்து தெரிவது முழங்கால்கள் மட்டும்தான்.

வீடு ராசா என்ற ஊரில். வயது ஐம்பத்திரண்டு. ரெம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்ட அலுவலகங்களின் தொலைபேசிகள் எல்லாம் அவர் பொறுப்பு. நடுப்பகலில் செம்பனை நிழலில் வேனை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, யாரும் குறை சொல்லாத அரைமணி நேரம் சாப்பிடுவார். சுங்கை காடுட் தொழிற்சாலைக்கு மாற்றிவிடுவதாகக் கம்பெனி மிரட்டும்போதெல்லாம் அவர் கண்முன் வருவது அந்த அரைமணிதான்.

வேலையில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. விளக்கம் சொல்வதில்தான் அவருக்கு இணை கிடையாது. "அலமாரியில இருக்கிற பெட்டி போனுக்குச் சும்மா கரண்டு விடாது. மொதல்ல லேசா தட்டிப் பாக்கும். இந்தப் பக்கம் போன் 'நான் போன்தான்'னு பதில் சொன்னாத்தான் விடும். பொண்ணு குடுக்கிறவன்கூட இவ்ளோ விசாரிக்க மாட்டான்."

ஒரு தோட்டத்திலிருந்து பதினைந்து நாளில் இரண்டு புகார். பிற்பகலில் பதினோரு தொலைபேசிகளும் சேர்ந்து செத்துவிடுகின்றனவாம். காலையில் போய்ப் பார்த்தால் எல்லாம் உயிரோடு இருக்கும். கம்பெனி மேலாளர் தர்மராஜ் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னிக்கு நாலு மணிக்கு நானே அங்க கூப்பிடுவேன். யாரும் எடுக்கல, நாளைக்கு நீ சுங்கை காடுட்."

அன்று சுகுமாறன் சாப்பிட்ட பிறகும் அந்தத் தோட்ட அலுவலகத்தை விட்டு நகரவில்லை; தர்மராஜ் சொன்னதை அங்கே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். மூன்றரைக்கு வானம் கறுத்து முதல் இடி இடித்தது. அலுவலகமே எழுந்துகொண்டது. மின்விசிறி, தண்ணீர் கொதிக்கவைக்கும் கெண்டி, நகல் இயந்திரம் என்று ஆளுக்கொரு பிளக்கைப் பிடுங்கினார்கள். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்று தோட்டத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. அலுவலகக் கணக்குகளைப் பார்க்கும் தலைமைக் கிராணி மயிலம்மாள் சுவர் அலமாரியைத் திறந்து, கறுப்புப் பெட்டியின் பிளக்கில் கை வைத்தார்.

"அக்கா! அதுலேருந்துதான் பதினோரு போனுக்கும் கரண்டு போவுது!"

"இது இன்டர்நெட் பெட்டி தம்பி."

"ஒரே வயருன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"மேசைக்கு அடியில இருந்துகிட்டு முனகுனே. நாங்க என்னாத்தக் கண்டோம்? போனுக்குன்னு ஒரு பிளக்கு வச்சிருந்தா அத மட்டும் புடுங்கிட்டுச் சும்மா இருந்திருப்பேன். நீதான் வைக்கல."

சுகுமாறன் அலமாரிக்கு முதுகைக் கொடுத்து, கைகளை விரித்துக்கொண்டு நின்றார். "இடி தாங்குற கட்டயெல்லாம் போட்டிருக்குக்கா. ஒன்னும் ஆவாது."

"சத்தியமா?"

"நான் கியாரண்டிலா!"

மழை கொட்டியது. சரியாக நான்கு மணிக்கு ஒரு மின்னலில் ஜன்னல் முழுதும் வெள்ளையாகி அணைந்தது. மயிலம்மாள் மேசையில் தொலைபேசி மணி அடித்தது.

இடி நேரத்தில் அதைத் தொட யாரும் வரவில்லை. மயிலம்மாள் நாற்காலியோடு இரண்டடி பின்னால் நகர்ந்தார். "நீதான கியாரண்டி. நீயே எடு."

"உங்களுக்குத்தானக்கா போன்..."

"உன் வேலையச் சோதிக்கத்தான தம்பி அடிக்குது!"

இரண்டாவது மணி. செம்பனைக்கு மேலே எங்கோ இடி உருண்டது. மூன்றாவது மணிக்கு சுகுமாறன் மேசையருகே வந்துவிட்டார். எல்லோரையும்போல அவரும் காலணியை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தார். காலடியில் சில்லென்ற சிமெண்டுத் தரை. ரிசீவரை நோக்கி நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். குனிந்து பார்த்தார். மயிலம்மாள் உள்ளே போட்டுக்கொள்ளும் ரப்பர் செருப்பு மேசைக்குக் கீழே கிடந்தது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் அதில் இரண்டு கால்களையும் நுழைத்தார். சின்ன அளவு, குதிகாலைத் தூக்கி நுனிவிரலில் நின்றார். பிறகு இரண்டு விரலால் ரிசீவரை எடுத்து, காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஹலோ பாஸ்! எல்லாம் நல்லா வேல செய்யுது!"